பத்துக்கு ஒன்பது ஈக்கள்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி லேப் அட்டெண்டர் சங்கத்தில் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதுவதென்றால் எனக்குப் பயம். எழுதாமல் விட்டால் கேட்டும் எழுதவில்லை என்பார்களே என்று அதைவிடப் பயம். அதனால் எழுதுகிறேன். இந்த நாலு வரிக்குள் அடுப்புக் கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தாயிற்று. மூடித்தான் இருந்தது.

கவலைப்படுகிறவன் லேப் வேலைக்கு நல்லவன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாட்டில் உடையாது, லேபிள் மாறாது, ஸ்பிரிட் விளக்கு அணைந்திருக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் கவலைப்பட்டுக் கவலைப்பட்டே ஒரு தப்பைப் பண்ணலாம், அதுவும் இரண்டு வருஷம் தினமும் ஒழுங்காகப் பண்ணலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் லேப் அட்டெண்டராக இருந்தேன். அங்கே ஒரு மேடம். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவார். பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்னவென்றால், ஈக்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. சிரிக்காதீர்கள். முதல் நாள் நானும் சிரித்தேன்.

வீட்டில் வாழைப்பழம் கனிந்துவிட்டால் கடுகு அளவில் பறக்குமே, அந்தப் பழ ஈ. அதைக் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு ஒரு வாசனையைக் காட்டுவோம். காட்டும்போதே செப்புக் கம்பி வழியாக லேசாகக் கரண்ட் கொடுப்போம். பிறகு இன்னொரு வாசனை, அதற்குக் கரண்ட் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து, கரண்டே இல்லாத புதுக் குழாய்கள் இரண்டில் இரண்டு வாசனையையும் வைத்து, எதில் போகிறாய் போ என்று விட்டுவிடுவோம். அடி வாங்கிய வாசனை ஈக்கு ஞாபகம் இருந்தால் அந்தப் பக்கம் போகாது. நாற்பது ஈ விட்டு, பத்துக்கு எத்தனை ஒதுங்கியது என்று கணக்குப் போடுவார் மேடம். பத்துக்கு ஐந்து என்றால் ஈ ஒன்றும் படிக்கவில்லை, குருட்டாம்போக்கில் போயிருக்கிறது. அதற்கு மேலே எவ்வளவோ அவ்வளவு படிப்பு. இரண்டு வாசனைக்கும் வாயில் நுழையாத பேர். ஒன்று காளான் மாதிரி நாறும், மற்றது வலித்தைலம் மாதிரி. காளான், தைலம் என்றே நான் சொல்லிக்கொள்வேன்.

நான் அங்கே போவதற்கு முன் நாலு வருஷம் மேடம் தனியாகவே செய்திருந்தார். பத்துக்கு ஆறு, ஆறரை. அவருக்குத் திருப்தி இல்லை. "இன்னும் நன்னா வரணும் சவரிமுத்து, எங்கேயோ தப்புப் பண்றேன்" என்பார். வேலையை என்னிடம் கொடுத்த முதல் வாரமே ஒன்பது வந்தது.

ஒன்பது! மேடம் மூன்று தடவை எண்ணினார். மறுநாளும் ஒன்பது. அவர் செய்தால் ஆறு, நான் செய்தால் ஒன்பது. பிசிக்ஸ் லேப் அட்டெண்டர் காதர்தான் எங்களுக்குக் கரண்ட் பெட்டி செய்து கொடுத்தவர். அவர் வாசலில் நின்று, "என்ன வாத்தியாரே, உங்க பிள்ளைங்க எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸாமே? எந்தக் காலேஜ்ல சேர்க்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். என் கைராசி என்று டிபார்ட்மெண்ட் முழுக்கப் பேச்சு.

"எனக்கு இந்த ராசியில எல்லாம் நம்பிக்கை கிடையாது" என்றார் மேடம். "ஆனா நாளைலேர்ந்து எல்லாத்தையும் நீங்களே பண்ணிடுங்கோ."

பழைய நோட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டி அலமாரி மேலே தூக்கிப் போட்டுவிட்டார்.

என் முறை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாசனை மாறிவிடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சில நாள் காளானுக்குக் கரண்ட், சில நாள் தைலத்துக்குக் கரண்ட் என்று மேடம் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்வார். குழம்பாமல் இருக்க எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். கரண்டோடு வருகிற வாசனை எதுவோ, அதை வலது கையால்தான் தொடுவேன். சும்மா வருகிற வாசனை இடது கை. வாசனை தோய்த்த காகிதத்தைக் குழாய்க்குள் தள்ளுவதும் அந்தந்தக் கை விரல்தான். கடைசியில் வைக்கும் புதுக் குழாய்க்கும் அதே சட்டம். போதாததற்கு, கரண்ட் வராமல் போய் மேடத்துக்கு ஒரு நாள் வீணாகிவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் செப்புக் கம்பியில் வலது கை விரலை வைத்துப் பார்ப்பேன். சுருக்கென்று அடித்தால்தான் எனக்கு நிம்மதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு மூக்குப்பொடிப் பழக்கம். கவலை வந்தால் ஒரு சிட்டிகை. பரிசோதனை என்றால் கவலை. பொடி எடுப்பது எந்தக் கையால் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானும் இரண்டு வருஷம் கேட்கவில்லை.

இதற்கிடையில் மேடத்துக்குக் கெடு நெருங்கியது. ஆராய்ச்சிக்குப் பதிவு செய்து ஆறு வருஷம் ஆயிற்று. ஒரு தடவை நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. அந்த வருஷத்துக்குள் மெட்ராஸில் இருக்கும் கைடு கையெழுத்துப் போட்டுத் தீசிஸை அனுப்பாவிட்டால் பதிவே ரத்து, ஆறு வருஷமும் போச்சு. வீட்டில் மாமியார் வேறு, "ஈக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு டாக்டர்னு பேரா? அப்போ எங்காத்துச் சமையலறையில நானும் புரொபசர்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மேடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சொல்லி முடித்ததும் ஈ பாட்டில்களை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

கைடிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்பதைப் பார்த்தேன், நேரில் வந்து ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று. வருகிற தேதி தபசு காலத்தின் ஐந்தாம் வாரம்.

தபசு காலம் என்றால் எங்கள் வேதக்காரர் வீடுகளில் ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் விரதம். ஆளுக்கு ஒன்றை விடுவோம். அந்த வருஷம் நான் பொடியை விட்டேன். விரதம் தொடங்குகிற விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு லேபுக்கு வந்தேன். அன்றைக்கு வந்தது ஏழு. வியாழன் ஆறரை. வெள்ளி ஆறு.

மேடத்தின் முகம் செத்துவிட்டது. பங்குனி வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டோம். பழம் சரியில்லை என்று பூவனை விட்டு ரஸ்தாளி வாங்கினோம். பாட்டில் எல்லாம் மாற்றினோம். ஆறரை. மேடம் ரங்கநாதருக்கு வேண்டிக்கொண்டார். நான் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஈக்காக இரண்டு பக்கமும் வேண்டுதல் போனது திருச்சியில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அப்போதும் ஆறரை.

"உங்க கைக்கு என்ன ஆச்சு சவரிமுத்து?" என்று மேடம் கேட்டார். அதட்டிக் கேட்டிருந்தால் பரவாயில்லை. டாக்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

நாலாம் வாரம் ஒரு மத்தியானம். மேடம் வகுப்புக்குப் போயிருந்தார். எனக்குப் பொடி ஆசை தாங்கவில்லை. போட வேண்டாம், சும்மா பார்க்கலாம் என்று பொடி மட்டையைப் பிரித்து மேஜையில், ஈ பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாட்டில் வாயில் பஞ்சு மட்டும்தான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது பாட்டிலுக்குள் இருந்த ஈ முழுக்க அந்தப் பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. மட்டையை அந்தப் பக்கம் வைத்தேன். எல்லாம் இந்தப் பக்கம் வந்தது.

சுவரில் மாட்டியிருந்த எங்கள் மாதா கோயில் காலண்டரையும் மேடத்தின் நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விபூதிப் புதன். ஏழு. அதற்கு முந்தின செவ்வாய், ஒன்பது.

இந்த இடத்தில் ஒழுங்கான ஆள் என்ன செய்திருப்பான்? ஓடிப்போய் மேடத்திடம் சொல்லியிருப்பான். நான் என்ன செய்தேன் என்றால், யோசித்தேன். சொன்னால் ஆறு வருஷமும் போய்விடும். சொல்லாமல் விட்டால் கைடு வரும்போது ஆறரை வந்து அப்போதும் போய்விடும். மறுபடி பொடி போட்டால் ஒன்பது வரும், ஆனால் விரதம் முறியும். கடைசியில் எனக்கு ஒரு வழி தோன்றியது. அதை உறுதி செய்துகொள்ள சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"சாமி, பொடியை விட்டேன்னு நேர்ந்திருக்கேன். அது மூக்குக்குத்தானே? விரலுக்கும் சேர்த்தா?"

சாமியார் வலைத் தடுப்புக்குக் கிட்டே காதைக் கொண்டுவந்தார்.

"என்னடா பண்ணின?"

"இன்னும் பண்ணல சாமி. விரல்ல மட்டும் தடவிக்கலாமான்னு..."

"விரலுக்கு எதுக்குடா பொடி?"

"ஈ நல்லாப் படிக்கும் சாமி."

பிறகு சாமியார் மெதுவாக, "சவரி, உனக்குக் காய்ச்சல் அடிக்குதா?" என்றார்.

"இல்ல சாமி."

"சரி. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ப் படு."

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை விரலில் மட்டும் பொடி தடவிக்கொண்டு வேலை செய்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ததால் விரதத்துக்குப் பங்கம் இல்லை. ஒன்பது.

மேடம் எண்ணிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "நான் பயந்தே போயிட்டேன் சவரிமுத்து. பெருமாள் கைவிடல, நீங்களும் கைவிடல" என்றார். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்றால், சந்தோஷப்படுகிற ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

புதன்கிழமை காலை கைடு வந்தார். ஒல்லியான மனிதர். கக்கத்தில் குடை. அதிகம் பேசவில்லை. காபி வேண்டாம் என்றார். ஒரு ஸ்டூலை இழுத்து என் மேஜைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். நான் ஏற்கெனவே விரலில் தடவித் தயாராக இருந்தேன்.

"நீங்கதான் சவரிமுத்துவா? உங்களைப் பத்தி இவங்க ஒவ்வொரு லெட்டர்லயும் எழுதறாங்க. தீசிஸ்ல நன்றி சொல்ற பக்கத்துல கூட உங்க பேரு இருக்கு."

எனக்கு அது தெரியாது. மேடத்தைப் பார்த்தேன். அவர் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கே, அந்தக் கையைப் பார்ப்போம்" என்றார் கைடு. பாராட்டித்தான் கேட்டார். எனக்குப் போலீஸ்காரர் கேட்ட மாதிரி இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு யோசிக்க நேரம் இல்லை. இருந்திருந்தால் நிச்சயம் தப்பாகத்தான் யோசித்திருப்பேன்.

"சார், பார்க்க வேண்டாம் சார்" என்று கையை நீட்டினேன். "மோந்து பாருங்க சார்."

"சவரிமுத்து! என்ன உளர்றேள்?" என்றார் மேடம்.

கைடு குனிந்து மோந்தார். அடுக்காக நாலு தும்மல் போட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொடி" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வலது கை, இடது கை, செப்புக் கம்பி, விபூதிப் புதன், திங்கட்கிழமை, எதையும் விடவில்லை. சாமியாரிடம் கேட்டதைக்கூடச் சொல்லிவிட்டேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலில் தொங்கிய சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே கத்துக்காத ஈ இருக்கா?" என்று கேட்டார் கைடு.

புதுப் பாட்டிலிலிருந்து நாற்பது ஈயை எடுத்தேன். பாடம் இல்லை, கரண்ட் இல்லை, காளான் இல்லை, தைலம் இல்லை. ஒரு குழாயில் என் வலது விரல் பட்ட காகிதம், இன்னொன்றில் இடது விரல் பட்ட காகிதம். விட்டோம். மேடமே எண்ணினார். பத்துக்கு ஒன்பது இடது பக்கம்.

"இதுக படிக்கவே இல்லம்மா" என்றார் கைடு. "பொடி பிடிக்கல. அவ்வளவுதான்."

"ஆறு வருஷம்" என்றார் மேடம்.

"ஆறு இல்ல, ரெண்டு. இவர் வர்றதுக்கு முன்னாடி நீ பண்ணினதெல்லாம் எங்கே?"

"அது சரியா வரல சார். கட்டி மேல போட்டுட்டேன்."

நான் ஸ்டூல் மேல் ஏறி எடுத்துக் கொடுத்தேன். கைடு தூசியைத் தட்டிவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அரை மணி நேரம் புரட்டினார். நாங்கள் இரண்டு பேரும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

"ஆறு, ஆறரை, ஆறரை, ஏழு, ஆறரை" என்று வாய்விட்டுப் படித்தார். "கடுகு சைஸ் தலைக்கு இது தாராளம்மா. இதை ஏன் மறைச்சு வச்சே? நீ ஒன்பதுன்னு எழுதினப்பத்தான் எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. எந்த ஈயும் அவ்வளவு கெட்டிக்காரி இல்லையே, போய்ப் பார்த்துட்டு வருவோம்னுதான் டிக்கெட் எடுத்தேன்."

இது வரைக்கும் கேட்டு நான் மூச்சு விட்டேன். அவர் அடுத்து சொன்னார். "ஆனா பழசை மட்டும் வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. ரெண்டு வருஷ நோட்டைத் தூக்கி ஓரமா வை. கையே படாம மறுபடி பண்ணு. ஆகஸ்ட்ல வரேன். பழைய நோட்டுல இருக்கிற மாதிரி வந்தா கையெழுத்து. அஞ்சு வந்தா இத்தோட விட்டுடலாம்."

மேடம் அன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு தாண்டும் வரை என்னிடம் பேசவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே, "காதர், அவரை அந்தப் பாட்டிலைக் கழுவச் சொல்லுங்கோ" என்பார். காதர் இரண்டடி தள்ளி நிற்கும் என்னிடம் திரும்பி, "பாட்டிலைக் கழுவணுமாம்" என்பார். "கழுவியாச்சுன்னு சொல்லுங்க காதர்" என்பேன். "கழுவியாச்சாம் மேடம்." நாலு நாளில் காதர் சலித்துப்போய், "எனக்குப் பிசிக்ஸ்ல கொஞ்சம் வேலை இருக்கு, நீங்க ரெண்டு பேரும் போன் வாங்கிக்கோங்க" என்று போய்விட்டார்.

அப்புறம்தான் மேடம் நேரே கேட்டார். "முன்னாடியே ஏன் சொல்லல?"

"பயம் மேடம்."

"சொல்றதுக்கா?"

"சொன்னாலும் பயம், சொல்லாட்டியும் பயம். எது கம்மின்னு பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அவர் கையைக் கேட்டுட்டாரு."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தார். முடியவில்லை.

மறுபடி ஆரம்பித்தோம். ஈஸ்டர் பூசை முடிந்ததும் நான் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டது உண்மை. ஆனால் லேபுக்குள் நுழையுமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவேன். காகிதத்தைத் தொடுவது இடுக்கி மட்டும், ஒவ்வொரு வாசனைக்கும் தனி இடுக்கி. கம்பியில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க காதர் ஒரு சின்ன பல்பு வைத்துக் கொடுத்தார். எந்தக் குழாயில் எது என்று எனக்கும் தெரியக் கூடாது, மேடத்துக்கும் தெரியக் கூடாது. காதர் நம்பர் சீட்டு ஒட்டி, கணக்கைத் தனி நோட்டில் எழுதி, தன் பீரோவில் பூட்டிவிடுவார். அதனால் நாலு மாதம் எங்களுக்கு என்ன வருகிறது என்றே தெரியாது. எண்ணுவோம், எழுதுவோம், அவ்வளவுதான். மேடம் இளைத்துப் போனார். நான் பல்பு எரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் காதரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பொடியோ, ஜவ்வாதோ, தலைக்கு வைக்கிற எண்ணெயோ, குழம்பாமல் இருக்க நீங்களே கண்டுபிடித்த சட்டமோ, எதுவானாலும் மேடத்திடமோ சாரிடமோ சொல்லி நோட்டில் எழுத வைத்துவிடுங்கள். உங்களால் நல்ல ரிசல்ட் வருகிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கவலைப்பட ஆரம்பியுங்கள். நான் எதற்கெல்லாமோ கவலைப்பட்டேன். அந்த ஒன்றுக்கு மட்டும் படவில்லை.

ஆகஸ்டில் கைடு வந்தார். அதே குடை. காதர் பீரோவைத் திறந்து நோட்டைக் கொடுத்தார். எங்கள் நோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்து, கைடு பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போனார். காதர்கூட கிண்டல் பண்ணாமல் நின்றார். கடைசியில் கைடு கூட்டி, வகுத்து, மறுபடி ஒரு தடவை வகுத்துப் பார்த்தார்.

"ஆறரை" என்றார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மூடிக்கொண்டே, "ஒன்பது போச்சேன்னு வருத்தமாம்மா?" என்று கேட்டார்.

"அந்த ஒன்பது சவரிமுத்துவோட பொடி வாங்கின மார்க் சார்" என்றார் மேடம். "இந்த ஆறரைதான் என் ஈ வாங்கினது."

சொல்லிவிட்டு நோட்டை இழுத்து அந்த ஆறரையைத் தன் கையால் எழுதினார். எழுத்து ஆடியது. மேஜைதான் ஆடுகிறதோ என்று நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.